ஒரே மாத்திரையில் எதற்கு இரண்டு மருந்து? கொலஸ்ட்ரால் கூட்டு மாத்திரை பற்றி ஒரு மருந்துக்கடைக்காரன்

தீபாவளி முடிந்த வாரம், கடையில் அவ்வளவாகக் கூட்டம் இல்லாத ஒரு சாயங்காலம், நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு அம்மா வந்து கைப்பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று பழசு, அதில் ஆறு மாத்திரை மிச்சம். இன்னொன்று புதுசு, மூன்று மாத்திரை பிரித்திருந்தது.

"தம்பி, இதுல 10ன்னு இருந்துச்சு. இப்ப குடுத்ததுல 10, 10ன்னு ரெண்டு வாட்டி போட்டிருக்கு. டாக்டர்கிட்ட கேக்கலாம்னா வெளியில அத்தன பேரு உக்காந்திருக்காங்க. எனக்கு முத்திப்போச்சா?"

முத்தவெல்லாம் இல்லை. பழைய அட்டையில் இருந்தது ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. மட்டும். புது அட்டையில் அதே ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி., கூடவே எஸெடிமைப் என்கிற இன்னொரு மருந்து 10 மி.கி. இரண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. "இந்த மூணு நாளும் பழசையும் சேத்துப் போட்டீங்களாம்மா?"

"பின்ன? ஆறு மாத்திரைய வீணாக்கச் சொல்றியா?"

ஆக, மூன்று நாளாகத் தினமும் அவருக்குள்ளே போனது ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. மூன்று நாளில் ஒன்றும் ஆகிவிடாது, பயப்படாதீர்கள், இனிமேல் புதியதை மட்டும் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் வருவதில்லை. பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் பதினோரு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன், இப்போதெல்லாம் வாரத்துக்கு ஓரிருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. யாருக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பதெல்லாம் அவர் வேலை. அவர் ஏன் அப்படி எழுதுகிறார் என்பது புரிந்தால் மாத்திரையைக் கண்டு பயமும் வராது, இப்படி இரட்டிப்பாகப் போடவும் மாட்டோம்.

முதலில், கொலஸ்ட்ரால் விஷம் இல்லை. உடம்பில் ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் அது வேண்டும், ஹார்மோன்களுக்கு வேண்டும், சாப்பாட்டுக் கொழுப்பைச் செரிக்க வைக்கும் பித்தநீருக்கும் வேண்டும். பிரச்சினை, அதை ரத்தத்தில் சுமந்துகொண்டு திரியும் எல்.டி.எல். என்ற துகள்கள் தேவைக்கு மேல் பெருகுவதுதான். ஆண்டுக்கணக்கில் அவை ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படிகின்றன. ரிப்போர்ட்டில் 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று எல்லோரும் விரல் வைத்துக் காட்டுகிற வரி இதுதான்.

இதற்கு மேல் விளக்க எனக்கு நம்ம ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினையைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. 2024 கோடையை பெங்களூரில் கழித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

கல்லீரலை ஓர் அபார்ட்மெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் மூன்று வழியில் வரும். சொந்த போர்வெல். குழாயில் வரும் காவிரி. இரண்டும் போதாவிட்டால் தெருவில் நிற்கும் டேங்கர் லாரி. கல்லீரலுக்கும் கொலஸ்ட்ரால் இதே மூன்று வழியில்தான் கிடைக்கிறது. அது தானே தயாரித்துக்கொள்வது போர்வெல். குடலிலிருந்து உறிஞ்சப்பட்டு வருவது காவிரிக் குழாய். ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது டேங்கர். நமக்குத் தலைவலி அந்த டேங்கர்கள்தான், ஏனென்றால் சந்துக்குள் நின்று வழியை அடைப்பது அவைதான். தெரு காலியாக வேண்டும் என்றால் அபார்ட்மெண்ட்காரர்கள் டேங்கர்களை ஒவ்வொன்றாக உள்ளே கூப்பிட்டுக் காலிசெய்ய வேண்டும். அவர்கள் எப்போது கூப்பிடுவார்கள்? சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், தண்ணீர் குறைந்தால்தான்.

ரோசுவாஸ்டாட்டின் மாதிரி ஸ்டாட்டின் வகை மருந்துகள் செய்வது போர் மோட்டாரைத் தணிப்பது. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்க உதவும் ஒரு நொதியை அவை தடுக்கின்றன. சம்ப் இறங்குகிறது. உடனே கல்லீரல் செல்கள் தம் மேற்பரப்பில் எல்.டி.எல்.லைப் பிடிக்கும் கொக்கிகளைக் கூடுதலாக முளைக்கவிட்டு, ரத்தத்திலிருந்து இழுக்க ஆரம்பிக்கின்றன. இந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவருக்கு 1985ல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாட்டின் கதை இன்னும் சுவாரசியமானது. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சலித்து, கடைசியில் நீலப் பச்சையாகப் பூக்கும் ஒரு பூஞ்சணத்திலிருந்து 1970களில் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். பழைய ரொட்டியிலும் எலுமிச்சையிலும் பூக்கிறதே, அந்தக் குடும்பம்தான். கடைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் லோவாஸ்டாட்டின், 1987ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சரி, போர் மோட்டாரைத் தணித்தாயிற்று. ஆனால் சம்ப் காய்ந்தால் அபார்ட்மெண்ட் செக்ரெட்டரி சும்மா இருப்பாரா? காவிரி வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவார். உடம்பும் அதையேதான் செய்கிறது. ஸ்டாட்டின் போட்டால் குடல் கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சத் தொடங்குகிறது, மருந்தின் பலனில் ஒரு பங்கு இப்படிக் கரைந்துவிடுகிறது. எஸெடிமைப் கைவைப்பது இந்த வால்வில். சிறுகுடல் சுவரில் கொலஸ்ட்ராலை உள்ளே அனுமதிக்கும் ஒரு புரதம் இருக்கிறது, அதன் வாயை இது அடைக்கிறது. உறிஞ்சுதல் ஏறத்தாழ பாதியாகக் குறையும். இதில் ஒரு வேடிக்கை, எஸெடிமைப் அமெரிக்காவில் அனுமதி பெற்று விற்பனைக்கு வந்தது 2002ல், அது எந்தப் பூட்டில் போய் மாட்டுகிறது என்று தெரியவந்தது 2004ல்தான். சாவி முதலில், பூட்டு அப்புறம்.

எஸெடிமைப்பை மட்டும் தனியாகக் கொடுத்தால்? அப்போது போர் மோட்டார் வேகமெடுக்கும். கல்லீரல் தன் தயாரிப்பைக் கூட்டிக்கொள்ளும். தனியாக அது எல்.டி.எல்.லைக் குறைப்பது 15லிருந்து 20 சதவீதம்தான். ஒன்றை அடைத்தால் மற்றதில் ஈடுகட்டும் இந்தத் தந்திரத்தை முறியடிக்கத்தான் இரண்டையும் சேர்த்து அடைப்பது. இதைப் புரிந்துகொண்டால் கூட்டு மாத்திரை முக்கால்வாசி புரிந்த மாதிரி.

"நான் முட்டைகூடத் தொடமாட்டேன், குடல்ல கொலஸ்ட்ரால் எங்கிருந்து வரும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. குடலுக்குள் வரும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதே இல்லை, நம் பித்தநீரிலிருந்து வருகிறது. கல்லீரல் பித்தநீரோடு கொலஸ்ட்ராலை வெளியே விடும், குடல் அதில் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சி அனுப்பும். வீட்டுக்கு வீடு சுற்றும் ஐந்நூறு ரூபாய் மொய் மாதிரி. அதனால் சுத்த சைவத்துக்கும் இந்த மருந்து வேலை செய்யும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எண்ணெய் டப்பாவில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாக அச்சடிப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது என்றே சொல்லலாம். எல்.டி.எல்.லை ஏற்றுவது அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு, அது தேங்காய் எண்ணெயிலும் நிறைய இருக்கிறது, வெண்ணெய் தோசைமேல் உருகும் வெண்ணெயிலும் இருக்கிறது.

இப்போது அந்த அம்மாவின் நிஜக் கேள்வி. ஒரு மருந்தே போதாவிட்டால் அதையே 20, 40 என்று ஏற்றிவிட்டுப் போகலாமே, எதற்கு இன்னொன்று?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு. ஸ்டாட்டினில் முதல் டோஸ்தான் பெரிய வேலையைச் செய்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு முறை டோஸை இரட்டிப்பாக்கும்போதும் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 6 சதவீதம் மட்டுமே. ஒருவருக்கு எல்.டி.எல். 180 என்று வைத்துக்கொள்வோம். அடோர்வாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டினை 10 மி.கி. கொடுத்தால் சராசரியாக 110 பக்கம் இறங்கும். 20 மி.கி. ஆக்கினால் 100. 40 ஆக்கினால் 90. உச்ச அளவான 80 மி.கி.க்குப் போனால் 80ஐ ஒட்டி வரும். மருந்து எட்டு மடங்கு, எல்.டி.எல். கூடுதலாக இறங்கியது முப்பது புள்ளிதான். அதே ஆளுக்கு 10 மி.கி.யையே வைத்துக்கொண்டு எஸெடிமைப் 10 மி.கி. சேர்த்தால், இருக்கிற 110ல் இன்னும் 20லிருந்து 25 சதவீதம் குறையும். அதாவது 85 பக்கம். எட்டு மடங்கு ஏற்றி வாங்குவதை ஏறக்குறைய இங்கேயே வாங்கியாயிற்று. இதெல்லாம் சராசரி, ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் ரிப்போர்ட்டோடு ஒட்டிப்பார்த்து டாக்டரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு கொரியாவில் நடந்தது, 2022ல் வெளியானது. இதய, ரத்தக்குழாய் நோய் ஏற்கெனவே உள்ள 3,780 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி.யும் எஸெடிமைப்பும், மறு பாதிக்கு ரோசுவாஸ்டாட்டின் மட்டும் 20 மி.கி. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் கூட்டு மருந்து கொஞ்சமும் பின்தங்கவில்லை. எல்.டி.எல். 70க்குக் கீழே போனவர்கள் கூட்டு மருந்துப் பக்கம்தான் அதிகம். ஒத்துக்கொள்ளாமல் மருந்தை நிறுத்தியவர்கள் அல்லது குறைத்துக்கொண்டவர்கள் கூட்டில் 4.8 சதவீதம், தனி ஸ்டாட்டினில் 8.2 சதவீதம். மேசைக்குப் பின்னால் நிற்கும் எனக்கு இந்தக் கடைசி எண்தான் பெரிசாகத் தெரிகிறது. எவ்வளவு உசத்தியான மாத்திரையாக இருந்தாலும் போட்டால்தானே?

எஸெடிமைப்புக்கு ஒரு கெட்ட காலமும் இருந்தது. 2008ல் ஓர் ஆய்வு, கொலஸ்ட்ரால் குறைந்தது சரி, கழுத்து ரத்தக்குழாய்ச் சுவரின் தடிமனில் வித்தியாசமே இல்லையே என்று சொல்ல, வெறும் எண்ணைக் குறைத்துக் காட்டும் மருந்து என்று பலர் ஒதுக்கினார்கள். 2015ல் 18,144 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு வெளிவந்த பிறகுதான் பேச்சு மாறியது. மாரடைப்புக்கோ தீவிர நெஞ்சுவலிக்கோ சிகிச்சை பெற்றவர்கள் அவர்கள். ஏழு வருஷத்தில் மறுபடி இதய, பக்கவாதச் சிக்கல் வந்தவர்கள் ஸ்டாட்டின் மட்டும் போட்டவர்களில் 34.7 சதவீதம், எஸெடிமைப் சேர்த்தவர்களில் 32.7 சதவீதம். இரண்டே சதவீதமா என்று உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் அவர்களுக்கு எல்.டி.எல். ஏற்கெனவே 70க்குப் பக்கத்தில் இருந்தது, அதை 54 வரை இறக்கியதற்கே இந்தப் பலன் என்று பார்த்தால் அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.

எவ்வளவுக்கு இறக்கவேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. இந்திய இருதயவியல் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பொதுவாக எல்.டி.எல். 100க்குக் கீழே இருக்கவேண்டும், சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 70க்குக் கீழே, ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55க்குக் கீழே. லேப் ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' எண்ணைப் பார்த்துவிட்டு, எனக்கு நார்மல்தானே, டாக்டர் எதற்கு மாத்திரை எழுதுகிறார் என்று கேட்பவர்கள் உண்டு. உங்களுக்கான எண் வேறு, அதை வாய் விட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது அட்டையின் மேல் இருக்கும் எழுத்து. என் அனுபவத்தில் மருந்தைவிட இதில்தான் விபத்து அதிகம். ஒரு கம்பெனி தன் ஸ்டாட்டினுக்கு ஒரு பெயர் வைக்கும், அப்புறம் அந்தப் பெயரின் வாலில் ஓர் எழுத்தை ஒட்டிக்கொண்டே போகும். 'எஃப்' என்று இருந்தால் பெரும்பாலும் ஃபீனோஃபைப்ரேட், 'இ இசட்' என்று இருந்தால் எஸெடிமைப், 'கோல்டு' என்று இருந்தால் பெரும்பாலும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்த கேப்ஸ்யூல். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், அதனால் வாலை நம்பாதீர்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். ஃபீனோஃபைப்ரேட் வேறு வேலைக்கு, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு மிக அதிகமாக, 500ஐத் தாண்டி இருந்தால் கணையம் வீங்கும் ஆபத்தைத் தவிர்க்க. 'கோல்டு' என்றால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உள்ளே இருக்கிறது, பல் பிடுங்கப் போகும்போதுகூட அதைச் சொல்லவேண்டும். ஒருவர் தன் மருந்துக்குப் பதிலாக மனைவியின் 'கோல்டு' டப்பாவைக் காட்டி "பேரு ஒண்ணுதானே" என்று இரண்டு அட்டை கேட்டதை என்னால் மறக்க முடியாது.

கூட்டு மாத்திரைக்கும் பெங்களூருக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. ரத்த அழுத்தத்துக்கு மூன்று மருந்து, ஒரு ஸ்டாட்டின், ஆஸ்பிரின், ஆக ஐந்தையும் ஒரே கேப்ஸ்யூலில் அடைத்துப் பார்த்த ஆய்வு இந்தியாவில் 50 மையங்களில் 2,053 பேரிடம் நடந்து 2009ல் வெளியானது. அதை இங்கே செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்துதான் ஒருங்கிணைத்தார்கள். இப்படி அடைப்பதில் வசதி இருக்கிறது, மாத்திரை எண்ணிக்கை குறையும், மறதி குறையும். தொல்லையும் இருக்கிறது, ஒன்றின் அளவை மட்டும் மாற்றவேண்டும் என்றால் முடியாது, மாத்திரையையே மாற்றவேண்டும். அளவு நிலைபெறும்வரை தனித்தனியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கூட்டுக்கு மாற்றும் டாக்டர்களை எனக்குப் பிடிக்கும்.

ஸ்டாட்டினோடு எஸெடிமைப்பும் போதாவிட்டால் பெம்படோயிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் போர்வெல்லைத் தணிப்பதுதான், ஆனால் கல்லீரலுக்குள் போனால்தான் விழித்துக்கொள்ளும், தசையில் வேலை செய்யாது. தசைவலி என்று ஸ்டாட்டினை விட்டவர்களுக்கு அதனால் உபயோகம், யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதால் கீல்வாதம் (கவுட்) உள்ளவர்கள் கவனமாக இருக்கவேண்டும். அதற்கும் மேலே ஊசிகள் இருக்கின்றன, ஆறு மாதத்துக்கு ஒன்று போடுவதுகூட உண்டு, விலை கேட்டால் மயக்கம் வரும்.

பக்கவிளைவு என்று எல்லோரும் பயப்படுவது தசைவலி. அது நிஜமாகவே சிலருக்கு வரும், ஆனால் பயமும் ஒரு பங்கு வலிக்கும். லண்டனில், வலி வருகிறது என்று ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு, சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. அதற்காக வலியைச் சொல்லாமல் இருக்காதீர்கள். தாங்கமுடியாத தசைவலி, சிறுநீர் கறுத்துப் போவது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடவேண்டும். தைராய்டு குறைவு இருந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசைவலியும் கூடும், அதனால் அதைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். சளிக்கு ஆன்டிபயாடிக் வாங்க வரும்போது கொலஸ்ட்ரால் மாத்திரை போடுவதைச் சொல்லுங்கள், கிளாரித்ரோமைசின் மாதிரி சிலது சில ஸ்டாட்டினோடு ஒத்துப்போகாது. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

பொங்கலுக்கு அப்புறம் அந்த அம்மா மறுபடி வந்தார், கையில் ரிப்போர்ட். எல்.டி.எல். 94லிருந்து 69. அவருக்குச் சர்க்கரை உண்டு, டாக்டர் சொன்ன இலக்கு 70.

"அதான் வந்துடுச்சே தம்பி, இனிமே நிறுத்திடலாமா?"

மாத்திரையை நிறுத்தினால் போர் மோட்டாரும் காவிரி வால்வும் பழையபடி திறந்துகொள்ளும், சில வாரத்தில் டேங்கர்கள் தெருவில் வந்து நிற்கும் என்றேன். 69 வந்தது மாத்திரை போடுவதால். அவருக்கு அது சரி என்று பட்டது போல, இன்னும் ஒரு மாதத்துக்கு அட்டை கேட்டார். எடுத்துக்கொடுத்து, பழைய ஆறு மாத்திரையை என்ன செய்தீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"அதுவா? வீணாப் போகுதேன்னு ஒசூர்ல இருக்கற தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். அவளுக்கும் கொலஸ்ட்ரால்தான்."

தங்கச்சி ஏற்கெனவே என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டேன். தெரியாது என்றார். அங்கேயே நின்று ஃபோன் போடச் சொன்னேன்.